பயாப்ஸி ரிப்போர்ட்டில் எந்த மருந்து என்று ஏன் எழுதவில்லை? (கார்பமாசெபின், எஸ்.ஜே.எஸ்./டென்)

மெல்லினம்

தம்பிக்கு வயது 26. வலிப்புக்காக கார்பமாசெபின் ஆரம்பித்தார்கள். இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. அப்புறம் காய்ச்சல், கண் எரிச்சல், வாயெல்லாம் புண். ஏதோ வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து ஒரு கிளினிக்கில் காட்டினோம், அமாக்ஸிசிலின் கொடுத்தார்கள். மறுநாள் நெஞ்சில் கருஞ்சிவப்புப் புள்ளிகள், அதற்கு மறுநாள் கொப்புளங்கள், முதுகில் கை பட்ட இடத்தில் தோல் நனைந்த காகிதம் போலக் கழன்று வந்தது. ஐ.சி.யூ.வில் 19 நாள் இருந்தான். இப்போது வீட்டில் இருக்கிறான், தோல் மூடிவிட்டது, கண்ணுக்கு மட்டும் சொட்டு மருந்து ஓடுகிறது.

பிரச்சினை இதுதான். டிஸ்சார்ஜ் தாளோடு தந்த அலர்ஜி கார்டில் "அமாக்ஸிசிலின் அலர்ஜி" என்று பெரிதாக எழுதி, கார்பமாசெபின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு விட்டிருக்கிறார்கள். பயாப்ஸி ரிப்போர்ட் வந்தால் தெரிந்துவிடும் என்றுதான் காத்திருந்தோம். அது நேற்றுதான் கைக்கு வந்தது. சுருக்கமாகச் சொன்னால்: மேல்தோலின் முழுத் தடிமனிலும் செல்கள் செத்திருக்கின்றன, மேல்தோலுக்கு அடியில் பிளவு, உள்தோலில் ரத்தக் குழாய்களைச் சுற்றிச் சொற்ப லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளணு), அரிதாக இயோசினோஃபில் (ஒவ்வாமையில் அடிக்கடி கூடும் வெள்ளணு), டி.ஐ.எஃப். (தோலில் படிந்த எதிர்ப்பொருள்களை ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனை) நெகட்டிவ். கடைசி வரி "எஸ்.ஜே.எஸ்./டென் வகைக்குப் பொருந்துகிறது, கிளினிக்கல் கோரிலேஷன் தேவை".

எஸ்.ஜே.எஸ். என்றால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய், டென் அதன் கடும் வடிவம், பெரும்பாலும் மருந்தால் தோல் செத்து உரிவது. கோரிலேஷன் என்றால் நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். எந்த மருந்து என்று ஒரு சொல் கூட இல்லை. ஒரு துண்டு தோலையே வெட்டி எடுத்துக் கொடுத்தோமே, அதில் தெரியாதா?

இரவுப்பணி

தோல் துறையில் ரெசிடெண்ட் நான். முதலில், தம்பி வீடு திரும்பியதே பெரிய விஷயம். கண் டாக்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள், தோல் ஆறிய பிறகும் கண் இமையின் உள்பக்கம் தழும்பு விழுந்துகொண்டே போகலாம்.

கேள்விக்கு வருகிறேன். தெரியாது. ஸ்லைடில் மருந்தின் பெயர் தெரியவே தெரியாது. கார்பமாசெபினால் செத்த செல்லும் அலோப்யூரினாலால் செத்த செல்லும் கோ-ட்ரைமாக்ஸசோலால் செத்த செல்லும் மைக்ராஸ்கோப்பில் ஒரே முகம்தான். என்ன நடந்தது என்று பயாப்ஸி சொல்லும், யார் செய்தது என்று சொல்லாது.

எந்த மருந்து எந்தத் தேதியில் ஆரம்பித்தது, காய்ச்சல் எந்தத் தேதி, முதல் புண் எந்தத் தேதி? இதை எழுதுங்கள். பதில் அங்கேதான் இருக்கும்.

கேள்விக்குறி

அப்படியானால் எதற்கு வெட்டினார்கள்? தோல் உரிந்துகொண்டு கிடக்கும் ஆளை மறுபடியும் குத்தி ஒரு ஓட்டை போட்டு, பத்து நாள் கழித்து "கோரிலேஷன் தேவை" என்று ஒரு தாள். கண்ணால் பார்த்தாலே தெரிகிற நோய். ஸ்டீவன்ஸும் ஜான்சனும் 1922-இல் இரண்டு சிறுவர்களைக் கண்ணால் பார்த்துத்தானே எழுதினார்கள். லையல் 1956-இல் நான்கு நோயாளிகளைப் பார்த்து டென்னுக்குப் பெயர் வைத்தார். ரிப்போர்ட் வருவதற்குள் நோயாளி ஒன்று பிழைத்திருப்பார், இல்லை போயிருப்பார்.

கண்ணாடித்தகடு

நான் ஸ்லைடு பார்க்கிற ஆள். கேள்விக்குறி, லையலின் பெயரைச் சொன்னதே உங்கள் வாதத்துக்கு எதிராகப் போகிறது. அவர் எழுதியதற்குப் பின் ரொம்ப காலம் இரண்டு வேறு நோய்களை அவர் பெயரிலேயே அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று மருந்தால் வருவது, இன்னொன்று ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சால் குழந்தைகளுக்கு வருவது. இரண்டிலும் தோல் உரியும், இரண்டிலும் காய்ச்சல், தூரத்தில் நின்று பார்த்தால் குழப்பம் வரும். பிளவு எந்த மட்டத்தில் விழுகிறது என்று பார்த்தால் விவகாரம் முடிந்தது. கிருமி நச்சில் மேல்தோலின் உச்சியில், கிரானுலர் அடுக்கில் பிரியும், கீழே செல்கள் உயிரோடு இருக்கும். மருந்து விவகாரத்தில் முழு மேல்தோலும் செத்து அடியோடு கழன்று வரும். ஒன்றுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும், மற்றொன்றில் அந்த ஆன்டிபயாட்டிக்கே குற்றவாளியாக இருக்கலாம். இதற்குப் பத்து நாள் வேண்டாம். உரிந்த தோலையோ கொப்புளத்தின் மேல்மூடியையோ அப்படியே உறையவைத்து வெட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிடலாம். ஃபார்மலின் துண்டுக்கும் பத்து நாள் ஆகக் கூடாது, அது நோயின் குற்றம் இல்லை.

மெல்லினம், உங்கள் ரிப்போர்ட்டில் விட்டுப்போன ஒரு விஷயம் இருக்கும் என்று நினைக்கிறேன். செதில் அடுக்கைப் பற்றி, ஸ்ட்ராட்டம் கார்னியம் பற்றி, ஏதாவது எழுதியிருக்கிறதா?

மெல்லினம்

இருக்கிறது டாக்டர். "பாஸ்கெட்-வீவ், மாற்றமில்லை" என்று.

கண்ணாடித்தகடு

அதுதான். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் அது. செத்த மேல்தோலுக்கு மேலே செதில் அடுக்கு மட்டும் கூடைப் பின்னல் மாதிரி அழகாக, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருக்கும். கீழ்ச் செல்கள் மேலே ஏறிச் செதிலாக மாற வாரக்கணக்கில் ஆகும். நாள்பட்ட நோயாக இருந்தால் அந்தச் செதிலிலும் கோளாறு ஏறியிருக்கும். இங்கே மேல்தோல் சில நாட்களில் செத்துவிட்டது, செதிலுக்குச் செய்தி போகவே நேரமில்லை.

அப்புறம் அந்த "சொற்ப லிம்போசைட்டுகள்". வீடு முழுக்க எரிந்திருக்கிறது, தீ வைத்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் நிற்கிறார்கள் என்பது போன்ற காட்சி. எரிதிமா மல்டிஃபார்மியில் (பெரும்பாலும் வைரஸ் தொற்றால் வரும், இதைப் போன்ற தோல் நோய்) பெரும்பாலும் செல் கூட்டம் அதிகம், சாவு குறைவு. இங்கே தலைகீழ். 2008-இல் கொப்புள நீரை ஆராய்ந்து கிரானுலைசின் என்ற புரதம் அதில் ஏராளமாக இருப்பதைக் காட்டினார்கள். கொல்லும் செல்கள் சுரந்து வெளியே விடுகிற புரதம் அது, ஒவ்வொரு கெரட்டினோசைட்டையும் (மேல்தோல் செல்லையும்) போய்த் தொட்டுக் கொல்ல வேண்டியதில்லை. அதனால் ஆள் கம்மி, சேதம் அதிகம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தப் படத்தை மட்டும் வைத்து நான் "டென்" என்று கையெழுத்துப் போட மாட்டேன். எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களுக்கு வரும் கடுமையான ஜி.வி.ஹெச்.டி.யின் (தானமாக வந்த செல்கள் பெற்றவரின் உடலையே தாக்கும் நோயின்) உச்சக் கட்டமும் ஸ்லைடில் இதேதான். உடல் முழுக்கப் பரவிய ஃபிக்ஸட் டிரக் எரப்ஷனும் (மருந்து எடுக்கும்போதெல்லாம் அதே இடத்தில் வரும் தடிப்பும்) கிட்டத்தட்ட இதேதான், அதில் ஆழத்தில் மெலனின் விழுங்கிய செல்களும் இயோசினோஃபில்களும் சற்று அதிகம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். "கோரிலேஷன் தேவை" என்று எழுதுவது தப்பித்துக்கொள்ள இல்லை. (சில சமயம் தப்பித்துக்கொள்ளவும்தான், ஒப்புக்கொள்கிறேன்.)

இரவுப்பணி

கேள்விக்குறிக்கு என் பங்குக்கு ஒன்று. போன வருடம் வான்கோமைசின் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், உடம்பு முழுக்கக் கொப்புளம், டென் என்று பெயர் போட்டு எங்களிடம் அனுப்பினார்கள். எனக்கும் டென் என்றே தோன்றியது, சீனியருக்கும் அப்படித்தான். இரண்டு துண்டு எடுத்தோம். டி.ஐ.எஃப்.-இல் மேல்தோலின் அடிக்கோடு நெடுக ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் கோடு போட்டது போல ஒளிர்ந்தது. லீனியர் ஐ.ஜி.ஏ. நோய், வான்கோமைசினால் வந்தது. அதற்கு டாப்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது, டென்னுக்கு அப்படி எதுவும் கிடையாது. கண்ணால் பார்த்து விட்டிருந்தால் அந்தக் குடும்பத்திடம் வேறு மாதிரிப் பேசியிருப்போம்.

டி.ஐ.எஃப். நெகட்டிவ் என்ற இரண்டு சொல்லை யாரும் மதிப்பதில்லை. பாரானியோபிளாஸ்டிக் பெம்ஃபிகஸ், பெம்ஃபிகாய்ட், லீனியர் ஐ.ஜி.ஏ. என்று உடம்பின் எதிர்ப்பொருள்களே தோலைத் தாக்கும் கொப்புள நோய்கள் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டுத்தான் அந்த "நெகட்டிவ்" வந்து நிற்கிறது.

ஜூனியர்கள் யாராவது படித்தால்: டி.ஐ.எஃப். துண்டு கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலிலிருந்து, மிஷல் திரவத்தில். ஃபார்மலினில் போட்டால் செத்தது. ஹெச். & இ. (வழக்கமான சாயம்) துண்டு புதிய கொப்புளத்தின் விளிம்பிலிருந்து, 4 மி.மீ. பஞ்ச் போதும். முழுக்க உரிந்து சிவந்து கிடக்கும் இடத்தில் குத்தினால் மேல்தோலே இருக்காது, கண்ணாடித்தகடு மாதிரி ஆட்கள் நம்மைத் திட்டுவார்கள்.

கண்ணாடித்தகடு

திட்டுவோம். விண்ணப்பத் தாளில் "ராஷ், ?டிரக்" என்று இரண்டே சொல் எழுதி அனுப்புவதற்கும் சேர்த்துத் திட்டுவோம். எத்தனையாவது நாள், வாயில் புண் உண்டா, எத்தனை சதவீதம் கழன்றது, என்னென்ன மருந்து, இதெல்லாம் எழுதினால் ஒரு வரி ரிப்போர்ட் நான்கு வரியாகும். ஏழு எட்டு நாள் கழித்து எடுத்த துண்டில் புது மேல்தோல் ஊர்ந்து வந்து மூட ஆரம்பித்திருக்கும், தேதி தெரியாவிட்டால் அதைப் பார்த்து வேறு ஏதோ என்று நினைக்கவும் வாய்ப்புண்டு.

மீண்டவள்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு வந்தது ட்ரெஸ் (தோலோடு உள்ளுறுப்புகளையும் தாக்கும் கடுமையான மருந்து ஒவ்வாமை). மூட்டு வலிக்கு சல்ஃபாசலசின், ஐந்தாவது வாரம். முகம் வீங்கி, காதுக்குப் பின்னால் கட்டி, காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு. எனக்கும் பயாப்ஸி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் ஸ்பாஞ்சியோசிஸ் (மேல்தோல் செல்களுக்கு இடையே நீர் கோத்தல்), இன்னொரு பக்கம் இன்டர்ஃபேஸ் மாற்றம் (மேல்தோலின் அடிச் செல்களில் சேதம்), இயோசினோஃபில் இல்லை. "இயோசினோஃபில் இல்லாததால் மருந்து ஒவ்வாமைக்கு வாய்ப்பு குறைவு, எக்ஸிமாவாக இருக்கலாம்" என்று வார்டில் ஒருவர் சொல்லி, மாத்திரையை மேலும் மூன்று நாள் கொடுத்தார்கள். அப்போது ரத்தத்தில் இயோசினோஃபில் 2,300. கல்லீரல் என்சைம் எகிறிக்கொண்டிருந்தது. இன்று வரைக்கும் அந்த மூன்று நாள் எனக்கு ஆறவில்லை.

கண்ணாடித்தகடு

உங்களுக்கு ஆறாததில் நியாயம் இருக்கிறது. மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்து வரும் மூடநம்பிக்கை அது: இயோசினோஃபில் இருந்தால் மருந்து, இல்லாவிட்டால் மருந்து இல்லை. இரண்டுமே தவறு. பூச்சிக்கடியிலும் இருக்கும், பெம்ஃபிகாய்டிலும் இருக்கும். ட்ரெஸ்ஸில் ரத்தத்தில் குவிந்து கிடக்கும்போது தோல் துண்டில் ஒன்று கூட இல்லாமல் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

ட்ரெஸ்ஸுக்குத் தனி முகம் கிடையாது. ஸ்பாஞ்சியோசிஸ், இன்டர்ஃபேஸ், சில சமயம் சீழ்ப்புள்ளி, சில சமயம் ரத்தக் குழாய்ச் சேதம், சில சமயம் லிம்போமாவோ என்று பயமுறுத்தும் பெரிய லிம்போசைட்டுகள். ஒரே துண்டில் இரண்டு மூன்று வகை கலந்து கிடந்தால்தான் எனக்கு ட்ரெஸ் ஞாபகம் வரும். உங்கள் ரிப்போர்ட்டில் "ஒரு பக்கம் இது, இன்னொரு பக்கம் அது" என்று இருந்ததே, அதையே எக்ஸிமாவுக்கு எதிரான குறிப்பாக எடுத்திருக்க வேண்டும். வெறும் எக்ஸிமாவில் அடிச் செல்கள் சாவதில்லை. செத்த கெரட்டினோசைட்டுகள் நிறைய இருந்தால் நோய் கடுமையாகப் போகலாம் என்பதும் பார்த்தது.

ரெஜிஸ்கார் மதிப்பெண் முறையில் பயாப்ஸிக்கு என்ன இடம் தெரியுமா? பொருந்தினால் பூஜ்யம். பொருந்தாவிட்டால் ஒன்று கழிப்பார்கள். அதாவது தோல் துண்டு உங்களுக்கு மதிப்பெண் வாங்கித் தராது, பறிக்க மட்டும் செய்யும். ரத்தத்தில் இயோசினோஃபில் 1,500-க்கு மேல் என்றால் இரண்டு மதிப்பெண். உங்கள் 2,300 முழுதாக இரண்டு வாங்கியிருக்கும்.

கேள்விக்குறி

சரி, அந்த ஐ.ஜி.ஏ. கதைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் சீழ்ப்புள்ளி வகை ஒன்று உண்டே, ஏ.ஜி.இ.பி. (பெரும்பாலும் மருந்தால் திடீரென உடம்பெல்லாம் சிறு சீழ்ப்புள்ளிகள் வருவது), அதிலாவது பயாப்ஸி உருப்படியாக ஏதாவது சொல்லுமா?

இரவுப்பணி

அதில் மதிப்பு அதிகம். செதிலுக்குக் கீழே ஸ்பாஞ்ச் மாதிரியான சீழ்க்கொப்புளம், அதோடு உள்தோலின் மேல்பகுதியில் நீர் கோத்த வீக்கம் இருந்தால் யூரோஸ்கார் முறையில் 3 மதிப்பெண். வேறு நோய் என்று ஸ்லைடு சொன்னால் 10 கழிப்பார்கள், கேஸே முடிந்தது. பஸ்டுலர் சோரியாசிஸ்தான் தொல்லை, அதில் மேல்தோல் தடித்து, ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொண்டு இருக்கும். ஆன்டிபயாட்டிக் என்றால் ஒன்றிரண்டு நாளில் வந்துவிடும் நோய், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தானே அடங்கும்.

மாத்திரைக்கணக்கு

மருந்தாளுநர். எல்லாரும் ஸ்லைடிலேயே மூழ்கிவிட்டீர்கள், மெல்லினம் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. தேதிகள் எங்கே?

மெல்லினம்

மாத்திரை அட்டை, கிளினிக் சீட்டு, என் போனில் இருந்த போட்டோக்கள் எல்லாம் எடுத்து வைத்து அம்மாவையும் கேட்டு எழுதினேன்.

3-ஆம் தேதி கார்பமாசெபின் தொடக்கம். 19 காலை காய்ச்சல், கண் எரிச்சல். 20 காலை உதட்டிலும் வாயிலும் புண் (போட்டோ இருக்கிறது). 20 இரவு முதல் அமாக்ஸிசிலின். 21 நெஞ்சில் புள்ளிகள். 22 கொப்புளம். 23 அட்மிஷன், எல்லா மருந்தும் நிறுத்தம், பயாப்ஸி. கழன்ற அளவு 14 சதவீதம் என்று எழுதியிருக்கிறது.

எழுதும்போதே எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வாய்ப்புண் அமாக்ஸிசிலினுக்கு முன்னாலேயே வந்திருக்கிறது.

மாத்திரைக்கணக்கு

ஆமாம், முன்னாலேயே வந்திருக்கிறது. இது மிகவும் சகஜமான குழப்பம். எஸ்.ஜே.எஸ். பெரும்பாலும் காய்ச்சல், கண் எரிச்சல், தொண்டை வலி என்றுதான் தொடங்கும். அந்தக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக்கோ பாராசிட்டமாலோ கொடுப்பார்கள், மறுநாள் தோலில் புள்ளி வரும், கடைசியாகக் கொடுத்த மருந்தின் தலையில் பழி விழும். தீயணைக்க வந்தவனைப் பிடித்து உள்ளே போடுவது மாதிரி.

ஆல்டென் என்று 2010-இல் வந்த ஒரு கணக்கு முறை இருக்கிறது, இந்த நோய்க்கென்றே செய்தது. மருந்து தொடங்கி 5 முதல் 28 நாளுக்குள் நோய் தொடங்கினால் 3 மதிப்பெண். கார்பமாசெபின் 16 நாள், ஆகவே 3. ஏற்கெனவே இந்த நோயை உண்டாக்குவதில் பேர்போன மருந்து என்பதற்கு இன்னொரு 3. நோய் தொடங்கும்போது உடம்பில் இருந்தது, கழிக்க ஒன்றுமில்லை. மொத்தம் 6, "மிகவும் சாத்தியம்" என்ற உச்சப் படிக்கட்டு. அமாக்ஸிசிலின் நோய் தொடங்கிய பிறகு வந்த மருந்து, அதற்கு எடுத்த எடுப்பிலேயே மைனஸ் 3.

நான் போட்ட கணக்கு நான் போட்டதுதான், கார்டைத் திருத்த வேண்டியவர் உங்கள் டாக்டர். இந்தத் தேதிப் பட்டியலை அப்படியே அவர் முன்னால் வையுங்கள், அந்த 20-ஆம் தேதி போட்டோவை முதலில் காட்டுங்கள்.

இரவுப்பணி

14 சதவீதம் என்றால் 10-க்கும் 30-க்கும் நடுவில், எஸ்.ஜே.எஸ்./டென் ஓவர்லாப் என்று பெயர். அந்தச் சதவீதம் கழன்ற தோலும் கழலக்கூடிய தோலும் மட்டும், வெறும் சிவப்பைச் சேர்க்கக் கூடாது. இது பயாப்ஸியில் வராது, படுக்கைக்குப் பக்கத்தில் நின்று நோயாளியின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து ஒரு சதவீதம் என்று வைத்து அளப்பது.

கார்டில் அமாக்ஸிசிலின் என்று மட்டும் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று புரிகிறதா? நாளை இன்னொரு இடத்தில் வலிப்பு வந்து போய் நின்றால், கேள்விக்குறி போட்ட கார்பமாசெபினை யாரும் கவனிக்காமல் ஃபெனிட்டாயின் ஏற்றிவிடுவார்கள். கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பஸெபின், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டால் எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றுக்கு வந்தால் மற்றதற்கும் வரலாம்.

மீண்டவள்

மரபணு டெஸ்ட் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், அது உதவாதா? அப்புறம் கொஞ்சூண்டு மருந்து கொடுத்துப் பார்ப்பது?

மாத்திரைக்கணக்கு

கொஞ்சூண்டு கொடுத்துப் பார்ப்பது இந்த நோயில் கூடவே கூடாது. யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மரபணு, ஹெச்.எல்.ஏ.-பி*15:02. கார்பமாசெபினுக்கும் எஸ்.ஜே.எஸ்.ஸுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 2004-இல் ஹான் சீனர்களிடம் கண்டார்கள், அலோப்யூரினாலுக்கு பி*58:01 என்று அடுத்த வருடம். மருந்து தொடங்கும் முன் பார்ப்பதுதான் அதன் பயன். இப்போது தம்பிக்குப் பார்த்து பாசிட்டிவ் வந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும், நெகட்டிவ் வந்தால் கார்பமாசெபின் நிரபராதி ஆகிவிடாது. இந்த மரபணு இல்லாதவர்களுக்கும் வந்திருக்கிறது.

கேள்விக்குறி

பழைய பயாப்ஸி துண்டுகளை வைத்தே சிகிச்சை கண்டுபிடித்துவிட்டதாக எங்கோ படித்தேன். உண்மையா, இல்லை வழக்கமான தலைப்புச் செய்தியா?

கண்ணாடித்தகடு

தலைப்பை விட உள்ளே சரக்கு அதிகம். 2024-இல் நேச்சர் இதழில் வந்தது. ஃபார்மலினில் பதப்படுத்திப் பாரஃபினில் உறங்கிக்கொண்டிருந்த துண்டுகளிலிருந்து கெரட்டினோசைட்டுகளையும் அழற்சி செல்களையும் தனித்தனியே லேசரால் வெட்டி எடுத்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன புரதம் என்று அளந்தார்கள். டென் துண்டுகளில் இன்டர்ஃபெரான் வழியும் ஜாக்-ஸ்டாட் வழியும் (அழற்சிக் கட்டளையைச் செல்லுக்குள் கடத்தும் பாதைகள்) கொழுந்துவிட்டு எரிந்தன. அந்த வழியை அடைக்கும் மருந்துகள் ஏற்கெனவே கடையில் இருக்கின்றன, ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், ஏழு பேரும் தேறினார்கள். ஏழு பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பு இல்லை, அதை மறக்கக் கூடாது. ஆனாலும் "எதற்கு வெட்டினார்கள்" என்று நீங்கள் கேட்ட துண்டுகளிலிருந்து வந்ததுதான் அது.

மெல்லினம், உங்கள் ரிப்போர்ட்டின் மேலே ஒரு பிளாக் எண் இருக்கும். குறித்து வையுங்கள், அந்தப் பாரஃபின் கட்டியைத் தூக்கிப் போட வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் செய்யலாம்.

மெல்லினம்

இன்று போய் வந்தோம். தேதிப் பட்டியலை வாங்கிப் படித்தார், போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார், ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பழைய கார்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். கார்பமாசெபின் முதல் வரி, கீழே நீங்கள் சொன்ன அந்தக் குடும்பம் முழுக்க. அமாக்ஸிசிலினை இப்போதைக்கு "வாய்ப்பு மிகக் குறைவு" என்று கீழே இறக்கியிருக்கிறார், ஒவ்வாமை நிபுணர் பார்த்தபின் எடுப்பதாகச் சொன்னார். வலிப்புக்கு லெவெட்டிரசெட்டம் தொடர்கிறது. பிளாக் எண்ணையும் கார்டின் பின்பக்கம் எழுதி வாங்கிவிட்டேன், அதற்கு மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இரவுப்பணி

நல்லது. கண் டாக்டர் எப்போது?

மெல்லினம்

வியாழக்கிழமை.